மிஸ்டர் ஆர்பி யார்?

குழு: தாத்தா 80

வள்ளி: தாத்தாவின் 80-ஆம் கல்யாண மலர் இதோ. திருத்த வசதியாக வேர்டு கோப்பாகவே போட்டிருக்கிறேன். 24 பக்கம், 31 படம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துச் சொல்லுங்கள், திங்கள் காலை அச்சகத்துக்குப் போகிறது.

மணி மாமா: அட்டை ஜோர்.

செல்வி அத்தை: 9-ஆம் பக்கத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். வேறு படம் போடு.

குமார் அண்ணன்: வள்ளி, மிஸ்டர் ஆர்பி என்று ஒருவர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறாரே, யார் அவர்? நமக்குச் சொந்தமா?

வள்ளி: அப்படி யாருமே இல்லையே அண்ணா

குமார் அண்ணன்: நானும் ரொம்ப நேரம் யோசித்தேன், அப்புறம்தான் பிடிபட்டது, அது நம் ஆச்சி. நீ பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறாய். கண்ணுக்குத்தான் அது தமிழ், உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. ஆச்சி என்று அடித்தால் எம், ஆர், செமிகோலன், ஆர், பி. திரையில் இருப்பதை எனக்கு வாசித்துக் காட்டுகிற என்விடிஏ மென்பொருள் அதை மிஸ்டர் ஆர்பி ஆக்கிவிட்டது.

மணி மாமா: ஆச்சிக்கு மீசை வைத்துவிட்டாயே வள்ளி!

வள்ளி: அச்சகத்து அண்ணாச்சி பாமினியில்தான் வேண்டும் என்றார். சரி, அச்சுக்கு அது போகட்டும், குழுவில் போடுவதை, உள்ளேயும் தமிழாகவே இருக்கும் யூனிகோடுக்கு மாற்றிவிடுகிறேன். படங்கள் எப்படி வருகின்றன அண்ணா?

குமார் அண்ணன்: பாதிப் படங்களுக்கு ‘கிராஃபிக்’ என்று ஒரு வார்த்தை, அதோடு தாண்டிவிடுகிறது. மீதிக்கு வேர்டு தானாகவே ஆங்கிலத்தில் ஏதோ எழுதி வைத்திருக்கிறது. 4-ஆம் பக்கத்தில் ‘ஒரு நபரும் ஒரு நபரும் படத்துக்கு நிற்கிறார்கள்’ என்கிற மாதிரி ஒன்று.

வள்ளி: ஐயோ, அது தாத்தாவும் ஆச்சியும் கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்தது!

சித்தப்பா: படத்துக்குக் கீழேதான் ‘தாத்தா, ஆச்சி, 1969’ என்று போட்டிருக்கிறதே குமார், அது போதாதா?

குமார் அண்ணன்: அதைப் படித்துவிட்டு நீங்கள் தலையைத் தூக்கிப் படத்தைப் பார்ப்பீர்கள் சித்தப்பா. எனக்கு அந்த வரியோடு முடிந்தது. தாத்தா அப்போது எப்படி இருந்தார் என்று தெரிய வேண்டாமா?

சித்தப்பா: அது சரிதான்.

மணி மாமா: இப்போதுதான் ஏஐ இருக்கிறதே, படத்தைக் கொடுத்தால் அதுவே சொல்லிவிடாதா?

குமார் அண்ணன்: சொல்லும் மாமா, மாத்திரை அட்டை படிக்க நான் தினமும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் அதற்கு நம் வீட்டு ஆட்களைத் தெரியாதே. ‘வேட்டி கட்டிய முதியவர்’ என்று சொன்னால் இந்த மலரில் மட்டும் ஏழு பேர் தேறுவார்கள்.

வள்ளி: படத்தில் இருப்பதை எங்கே எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்.

குமார் அண்ணன்: படத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் ஆல்ட் டெக்ஸ்ட் என்று வரும், அதை அழுத்தினால் பக்கத்தில் ஒரு பெட்டி திறக்கும், அதில் தமிழிலேயே ஒன்றிரண்டு வாக்கியம் போதும். ‘இந்தப் படத்தில்’ என்று ஆரம்பிக்காதே, படம் என்பதை என்விடிஏ ஏற்கெனவே சொல்லிவிடும். ஓரத்தில் பூ, கொடி என்று வைத்திருப்பாயே, அதற்கெல்லாம் எழுத வேண்டாம், அந்தப் பெட்டியிலேயே ‘டெகரேட்டிவ்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போட்டுவிடு. கடைசியில் பிடிஎஃப் ஆக்கும்போது பிரிண்ட் வழியாகப் போகாதே, சேவ் அஸ் கொடுத்து பிடிஎஃப் தேர்ந்தெடு. பிரிண்ட் வழியாகப் போனால் நீ எழுதியதெல்லாம் காணாமல் போய்விடும்.

வள்ளி: முதலில் 4-ஆம் பக்கம். ‘தாத்தாவும் ஆச்சியும் மிக அழகாக இருக்கிறார்கள்.’ சரியா?

குமார் அண்ணன்: அழகு இருக்கட்டும், உட்கார்ந்திருப்பது யார்?

வள்ளி: ஆச்சி நாற்காலியில். தாத்தா பக்கத்தில் நிற்கிறார், கை நாற்காலி மேல். முழுக்கைச் சட்டை, ஒரு கையை மட்டும் மடித்து விட்டிருக்கிறார்.

சித்தப்பா: வாட்ச் தெரிவதற்காக! நான் இத்தனை வருடம் இதைக் கவனித்ததே இல்லை.

செல்வி அத்தை: புடவை நிறத்தையும் எழுது. குமார், நிறமெல்லாம் எழுதினால் உனக்குக் கஷ்டமாக இருக்குமா?

குமார் அண்ணன்: எழுதுங்கள் அத்தை. ஆறாம் வகுப்பு வரை பார்த்ததுதானே, அரக்கு எது, மயில் கழுத்து எது என்று மறக்கவில்லை. பிறவியிலேயே பார்வை இல்லாத என் நண்பனும் புடவைக் கடைக்குப் போனால் நிறம் கேட்டுத்தான் வாங்குவான்.

வள்ளி: ஆனால் இது கருப்பு வெள்ளைப் படம். அரக்கு என்று ஆச்சி சொல்லித்தான் தெரியும்.

குமார் அண்ணன்: அப்படியென்றால் கருப்பு வெள்ளை என்றே எழுது. உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு எனக்குத் தெரிந்தால் போதும். அரக்குக் கதையைக் கட்டுரைக்குள் வை, எல்லோரும் படிக்கட்டும்.

செல்வி அத்தை: ஆச்சியிடம் போனைக் காட்டினேன். அந்த வாட்ச் தாத்தாவுடையதே இல்லையாம்! ஸ்டூடியோக்காரர் படம் எடுக்கிற வரைக்கும் கட்டிக்கொள்ளக் கொடுத்ததாம். தாத்தா பக்கத்தில்தான் இருக்கிறார், பேச்சையே காணோம்.

மணி மாமா: 56 வருட ரகசியம் உடைந்தது.

வள்ளி: அதையும் கட்டுரையில் போடுகிறேன். இப்போது பாருங்கள்: ‘கருப்பு வெள்ளை. இளவயது ஆச்சி பட்டுப் புடவையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து நேராகப் பார்க்கிறார். இடப்பக்கம் தாத்தா, ஒல்லியாக, அடர்ந்த சுருட்டை முடியுடன், வாட்ச் தெரியும்படி சட்டைக் கையை மடித்து நிற்கிறார். பின்னால் மாடிப்படி வரைந்த திரை.’

குமார் அண்ணன்: தாத்தாவுக்குச் சுருட்டை முடியா??

வள்ளி: அண்ணா உங்களுக்குத் தெரியாதா? உங்கள் முடி அப்படியே அதுதான்.

குமார் அண்ணன்: எனக்கு நினைவு தெரிந்து தாத்தா வழுக்கைதான். யாரும் சொன்னதில்லை.

செல்வி அத்தை: எப்படிடா சொல்லாமல் விட்டோம்.

குமார் அண்ணன்: சரி சரி. வள்ளி, 18-ஆம் பக்கம் குடும்ப மரம் என்று தலைப்பு இருக்கிறது, கீழே வெறும் கிராஃபிக். நான்கு தலைமுறையை அந்தப் பெட்டிக்குள் திணித்தால் ஒரே மூச்சில் வாசித்துத் தள்ளும், நடுவில் நிறுத்தித் திரும்பக் கேட்பது பெரும்பாடு. ‘குடும்ப மரம், விவரம் அடுத்த பக்கத்தில்’ என்று மட்டும் போட்டுவிட்டு, யார் பிள்ளை யார் என்று அடுத்த பக்கத்தில் எழுத்தாகவே கொடு.

சித்தப்பா: அது எனக்கும் உதவும், அந்த மரத்தில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது.

வள்ளி: இன்னும் 29 படம். ஆளுக்கு நான்கு எடுத்துக்கொள்ளுங்கள், யார் யாருக்கு எது என்று நாளைக் காலை போடுகிறேன்.

செல்வி அத்தை: 9-ஆம் பக்கம் எனக்கு. கண்ணை மூடியிருப்பதை எழுத மாட்டேன்.

மறுநாள்

மணி மாமா: [படம்]

குமார் அண்ணன்: மாமா, என்ன படம்? உங்கள் நான்கில் ஒன்றா?

மணி மாமா: இல்லை மருமகனே, குட்மார்னிங் ரோஜா. டெகரேட்டிவ்.