இந்தப் பொடி டப்பி எதில் செதுக்கியது?

பழஞ்சாமான்:
பெரியப்பா விட்டுப்போன சாமான்களில் ஒரு மூக்குப்பொடி டப்பி கிடைத்தது. கோழிமுட்டையை விடச் சற்று ஒல்லி. புளியங்கொட்டை நிறம், அங்கங்கே வெளிர் கீற்று, சுற்றிலும் புடைப்பாக இலைக்கொடி. மூடி திருகி மூடுவது. மரத்தில் ஓடும் ரேகை எங்கும் இல்லை. சாயம் ஏற்றிய தந்தம் என்கிறார் ஒருவர். கொம்பு, சூடான ஊசியால் குத்திப் பார் என்கிறார் இன்னொருவர். மனம் வரவில்லை. ஒரு தப்பும் செய்துவிட்டேன்: ஈரத்துணியால் துடைத்து மூடினேன், இப்போது மூடி அசைய மாட்டேன் என்கிறது.

கடைசல்காரன்:
முதலில் ஊசியைக் கீழே வையுங்கள். கொம்பானால் முடி கருகும் வாசம் வரும், சரி. ஓட்டை அப்படியே நிற்குமே? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கொக்கில்லா கொட்டை. பிரேசிலில் வளரும் பனைவகை. துடைப்பத்துக்கு நார் கொடுப்பதும் அதே மரம்தான். கொட்டையின் ஓடு தடிமன், கல் மாதிரி. மரை வெட்டினாலும் பொருபொருவென்று உதிராது. 18, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கடைசல்காரர்கள் அதில் பொடி டப்பிகளாகச் செய்து தள்ளினார்கள். பொடி காய்ந்தால் மணம் போய்விடும், மூடி இறுக்கமாக உட்கார வேண்டும். அதற்குத் தோதான பொருள்.

மூடியை முறுக்காதீர்கள். மிச்சமிருந்த பொடி ஈரத்தில் களியாகி மரையில் பிடித்திருக்கும். எண்ணெயும் வேண்டாம். நிழலில் ஒரு வாரம் கிடக்கட்டும். அப்புறம் உள்ளங்கைச் சூட்டில் பிடித்து, முதலில் மூடும் பக்கமே ஒரு நூல் திருகிவிட்டுத் திறங்கள்.

கொம்பன்:
யானைத் தந்தமானால் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் லென்ஸில் தெரியும். தாவரத் தந்தம் எனப்படும் டாகுவா கொட்டை உள்ளே பால்வெள்ளை. கொம்பு ஏடு ஏடாகப் பிரியும், வெளிச்சத்தில் மெல்லிய ஓரம் ஒளி கசியும். ஸ்காட்லாந்துக்காரர்கள் செம்மறிக்கடாக் கொம்பைச் சூடாக்கி, நுனியைச் சுருட்டி, வெள்ளி மூடி போட்டுச் செய்வார்கள். என்னிடம் அப்படி ஒன்று உண்டு, பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. உங்களுடையது கொட்டையாகவே இருக்கட்டும்!

பழஞ்சாமான்:
ஒன்பதாம் நாள் திறந்தது. மரையை ஓட்டிலேயே வெட்டியிருக்கிறார்கள். ஏடும் இல்லை, வளைகோடும் இல்லை. உள்ளேயும் அதே பழுப்பு. மரை இடுக்கில் கறுப்பாக இறுகிக் கிடந்ததைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டினேன். இத்தனை வருடம் கழித்தும் காரம் போகவில்லை, ஏழு தும்மல்.