நிஜம் போன்ற உலோக ஏர்சாஃப்ட் பிஸ்டல்: புதிதாக வந்தவர்கள் வாங்கும் முன்

கேள்வி: அண்ணா, வெளிநாடு வந்து நாலு மாசம் ஆகுது. கூட வேலை பார்க்கிறவங்களோட ரெண்டு தடவை ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடுற விளையாட்டு) விளையாடப் போனேன், வாடகைத் துப்பாக்கிதான். ரொம்பப் பிடிச்சுப் போச்சு. முழுக்க உலோகத்துல, பார்த்தா நிஜம் மாதிரியே இருக்கிற பிஸ்டல் ஒண்ணு சொந்தமா வாங்கணும். எதை எடுக்கலாம்?

பதில்: தம்பி, இதே ஆசையோடு வந்தவன்தான் நானும். மாடல் பெயரைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்த விஷயத்தில் அதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் ஒரு நாட்டில் விளையாட்டுச் சாமானாக விற்கும் பொருள் இன்னொரு நாட்டில் ஆயுத வழக்கு.

பிரிட்டனில் 2006ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம்தான் அடிப்படை. நிஜத் தோற்றமுள்ள போலித் துப்பாக்கியைப் பொதுவாக யாருக்கும் விற்கக் கூடாது. ஏர்சாஃப்ட் விளையாடுகிறவர்களுக்கு விலக்கு உண்டு. அதை நிரூபிக்கக் கடைக்காரர்கள் பெரும்பாலும் யூகாரா பதிவைக் கேட்பார்கள்; அது ஏர்சாஃப்ட் கடைக்காரர் சங்கம் வைத்திருக்கும் ஆட்டக்காரர் பட்டியல். காப்பீடு உள்ள ஒரு மைதானத்தில், இரண்டு மாதத்துக்குக் குறையாத காலத்தில், குறைந்தது மூன்று ஆட்டம் ஆடியிருந்தால் அது கிடைக்கும். 18 வயது ஆகியிருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பளிச்சென்ற நிறம் பூசியதை வாங்கி, வீட்டில் வைத்துக் கறுப்பு அடித்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அப்படி மாற்றுவதே அங்கே குற்றம்.

அமெரிக்காவில் குழாய் முனையில் ஆரஞ்சு அடையாளத்தோடு வரும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவில் பிடியிலும் விசைக் காப்பிலும்கூடப் பளிச்சென்ற நிறம் வேண்டும். கனடாவில் கணக்கு தலைகீழ். நிஜத் துப்பாக்கியை அப்படியே ஒத்து, வேகம் வினாடிக்கு 366 அடிக்குக் குறைவாக இருந்தால் அது தடைசெய்யப்பட்ட மாதிரி என்று கருதப்படலாம். அதாவது வலு குறைந்ததுதான் அங்கே சிக்கல். ஜெர்மனியில் குண்டின் வலு 0.5 ஜூலுக்கு மேல் போனால் 18 வயது நிரம்பியவருக்கே விற்பார்கள், ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற முத்திரை இருக்க வேண்டும், பூட்டிய பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்தால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியாவிலும் ஏறக்குறைய அதே நிலைதான்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விசாவில் இருப்பவர்மேல் ஆயுதச் சட்டத்தில் ஒரு வழக்கு விழுந்தால் அபராதத்தோடு முடிந்துவிடாது. அடுத்த புதுப்பிப்பு விண்ணப்பத்திலும் அதைப் பற்றிக் கேட்பார்கள்.

சட்டப்படி வாங்கிய பிறகும் கவனம் வேண்டும். நான் வாங்கிய முதல் வாரம், பகல் வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று ஜன்னலோர மேசையில் வைத்துப் பிரித்துச் சுத்தம் செய்தேன். எதிர்க் கட்டடத்தில் யாரோ பார்த்துப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். கதவைத் திறந்தபோது வாசலில் நான்கு பேர். கைகளை உயர்த்தி, மெதுவாகப் பேசி, ரசீதையும் பதிவு அட்டையையும் காட்டினேன். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் உள்ளே என் மகள் அழுத சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கு ஒரு சங்கடத்தோடு போயிற்று. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில், பூங்காவில் ஏர்சாஃப்ட் பிஸ்டல் வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவன் கையிலிருந்த பிஸ்டலில் ஆரஞ்சு முனை இல்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்பதுதான் நிஜத் தோற்றம் என்ற சொல்லுக்கு அர்த்தம். ஆகவே திரைச்சீலையை மூடிக்கொள்ளுங்கள், கூடக் குடியிருப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இடுப்பில் செருகிப் படம் எடுக்க வெளியே போகாதீர்கள், பூட்டுள்ள பையில் மட்டும் கொண்டுபோங்கள்.

இப்போது சாமானுக்கு வருவோம்.

கடையில் ஒரே தோற்றத்தில் இரண்டு ஜாதி கிடைக்கும், குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏர்சாஃப்ட் என்றால் 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு. பெட்டியில் 4.5 மி.மீ. என்று போட்டிருந்தால் அது இரும்புக் குண்டு சுடும் ஏர் பிஸ்டல். தகரத்தையோ அட்டையையோ குறி பார்த்துச் சுடத்தான் ஆகும், மனிதரை நோக்கிச் சுடுவதற்கு இல்லை. அதை எந்த மைதானமும் உள்ளே விடாது. உலோகமாகவும் கனமாகவும் இருப்பதால் புதியவர்கள் அதைத் தூக்கி வந்து ஏமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முழு உலோகம் என்று எழுதியிருந்தால் என்ன உலோகம் என்று கேளுங்கள். மலிவானவற்றில் இருப்பது துத்தநாகக் கலவை. கையில் கனம் தெரியும், ஆனால் கீழே விழுந்தால் விரிசல் விடும். ஸ்லைடு என்பது பிஸ்டலின் மேலே நகரும் பாகம். அலுமினிய ஸ்லைடு இலேசு, சட்டென்று பின்னால் போய் முன்னால் வரும், குண்டைத் தள்ளும் கேஸும் குறைவாகச் செலவாகும். எஃகு ஸ்லைடு அழகுதான், ஆனால் அந்தக் கனத்தைத் தள்ள அதிக அழுத்தம் வேண்டும், உள் பாகங்களும் சீக்கிரம் தேயும். என் மனம் அலுமினியத்தின் பக்கம்தான்.

நிஜம் போல வேண்டும் என்றால் எல்லாமே உலோகமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1982இல் ஆஸ்திரியாவில் வந்த கிளாக் 17க்கு அசலிலேயே உடல் பாலிமர், அதாவது ஒரு வகைப் பிளாஸ்டிக்தான், ஸ்லைடு மட்டும் எஃகு. அதன் நகலை முழு உலோகத்தில் செய்தால் அது அசலிலிருந்து விலகிப் போகிறது. கையில் இரும்பின் குளிர்ச்சி தெரிய வேண்டும் என்றால் ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1911 வகையைப் பாருங்கள். அசல் முழுக்க எஃகு, சுமார் 1.1 கிலோ. பெரெட்டா 92 இரண்டுக்கும் நடுவில், அலுமினிய உடல்.

டோக்கியோ மருயி நல்ல நிறுவனம், குறி தப்பாது. ஆனால் அவர்களுடைய பிஸ்டல்களின் ஸ்லைடு பிளாஸ்டிக். நிஜத் தோற்றத்தில் உலோகக் கைத்துப்பாக்கி மாதிரிகள் செய்ய ஜப்பான் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அழுத்தம் குறைந்த 134ஏ கேஸுக்காகத்தான் அவற்றை அமைத்திருக்கிறார்கள். அது தெரியாமல் நான் கிரீன் கேஸ் போட்டே ஆடினேன், ஒரு பருவம் முடிவதற்குள் ஸ்லைடில் விரிசல் விழுந்துவிட்டது. கிரீன் கேஸ் என்பது சிலிக்கோன் எண்ணெய் கலந்த புரோப்பேன், அழுத்தம் கூடுதல். உலோக ஸ்லைடு வேண்டும் என்றால் தைவான் நிறுவனங்களான டபிள்யூஇ, கேஜேடபிள்யூ ஆகியவற்றைப் பாருங்கள். கிளாக் முத்திரையோடு வேண்டுமானால் உமாரெக்ஸ்.

குளிர் நாட்டில் இருந்தால் இதைக் கவனியுங்கள். குண்டும் கேஸும் அடைக்கும் மேகசினுக்குள் கேஸ் திரவமாக இருக்கும், அது ஆவியாகும்போது மேகசின் தானே குளிர்ந்துபோகும்; வேகமாகச் சுடச் சுட அழுத்தம் விழும். வெளியே பத்து டிகிரிக்குக் கீழே போனால் கிரீன் கேஸ் திணற ஆரம்பிக்கும். 1911இன் ஒல்லி மேகசினில் கேஸ் பிடிக்கும் இடமும் குறைவு, அதனால் அதுதான் முதலில் சோர்ந்துபோகும். ஹை-காப்பா மாதிரி அகலப் பிடி உள்ளவை கொஞ்சம் தாங்கும். 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி குளிரிலும் அடிக்கும், உதையும் கூடுதல், ஆனால் அதற்கென்று செய்த பிஸ்டலுக்கு மட்டும்தான் போட வேண்டும். முதல் பிஸ்டலுக்கு என் சிபாரிசு அலுமினிய ஸ்லைடு உள்ள ஹை-காப்பா, கிரீன் கேஸ், கூடுதலாக ஒரு மேகசின். உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும்.

வலுவைப் பார்க்க ஜூல் கணக்கே சரி. 0.20 கிராம் குண்டு வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் ஒரு ஜூல். மைதானத்தின் வரம்பைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். வாங்கும் அன்றே தரச்சான்று உள்ள கண்ணாடியும் வாங்குங்கள். சும்மா கண்ணாடி போதாது, ஐரோப்பாவில் இஎன் 166, அமெரிக்காவில் இசட்87.1 என்று பொறித்திருக்கும். ஒரு ஜூல் குண்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

கேள்வி: ரொம்ப நன்றிண்ணா. நான் இங்கிலாந்துலதான் இருக்கேன், இன்னும் ஒரு ஆட்டம்தான் பாக்கி. பராமரிப்பு கஷ்டமா? லீவுக்கு ஊருக்குப் போறப்ப கூட எடுத்துட்டுப் போகலாமா?

பதில்: பராமரிப்பு கஷ்டமில்லை. ரப்பர் வளையங்களுக்குச் சிலிக்கோன் எண்ணெய் மட்டும், ஒரு சொட்டு. பெட்ரோலிய எண்ணெய் விட்டால் ரப்பர் ஊதிப்போகும். கிரீன் கேஸ் மேகசினில் எப்போதும் கொஞ்சம் கேஸ் விட்டு வையுங்கள், வளையம் காயாது. கார்பன் டை ஆக்சைடு குப்பியை மட்டும் உள்ளே விட்டுவைக்கக் கூடாது. கேஸ் டப்பாவைக் காரில் வெயிலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கீழே விழுந்த குண்டைப் பொறுக்கி மறுபடி போடாதீர்கள். ஒரு மணல் துகள் போதும், குழாய் கீறிவிடும்.

ஊருக்கு எடுத்துப் போகவே வேண்டாம், தம்பி. கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். பிஸ்டலை மட்டும் பெட்டியில் போட்டாலும், இடையில் சிங்கப்பூரில் விமானம் மாறினால் அங்கே அது உரிமமில்லாத ஆயுதம். நண்பர் யாருக்கும் பரிசாகவும் கொண்டுபோகாதீர்கள். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்காரரிடமே பதிவுப் படிவத்தைக் கேளுங்கள். அவர்கள்தான் அனுப்பி வைப்பார்கள். அதற்குள் கூட ஆடுகிறவர்களிடம் கேட்டு, 1911ஐயும் ஹை-காப்பாவையும் கையில் பிடித்துப் பார்த்துவிடுங்கள். சிறிய கைக்கு ஹை-காப்பாவின் பிடி கொஞ்சம் அகலம்.