பைபாஸில் லோடோடு நின்றுவிட்ட லாரி: க்ளட்ச் போய்விட்டது, பின் சக்கரமும் சுற்றவில்லை, எப்படி இழுப்பது?

ஒரகடம்_லாரி_மகள் (இரவு 9.40)

அவசரமாக உதவி வேண்டும். அப்பாவின் ஆறு சக்கர லாரி ஒரகடத்தில் லோடு ஏற்றிக்கொண்டு மாதவரம் போகும் வழியில், சென்னை பைபாஸில் போரூர் தாண்டி, வானகரம் டோலுக்கு முன்னால் நின்றுவிட்டது. உள்ளே 9 டன் சரக்கு. காலையில் குடோனில் இறக்கியாக வேண்டும். அப்பா தென்காசிக்குப் போயிருக்கிறார், போன் கிடைக்கவில்லை. டிரைவர் அண்ணனோடு நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அவர் சொல்வது இதுதான். பாலத்தில் ஏறும்போது கருகிய வாடை வந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை. ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்த வழியாக வந்த ஒரு கிரேன்காரர் சங்கிலி போட்டு இழுத்துப் பார்த்தார். பின் சக்கரம் சுற்றவே இல்லை, தார் ரோட்டில் தேய்ந்துகொண்டு வந்தது. "பின்னாடி ஜாம் ஆகிவிட்டது, பெரிய வண்டி வேண்டும்" என்று முதலில் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு கேட்கிறார். க்ளட்ச் போனால் சக்கரமும் ஜாம் ஆகுமா? அவர் சொல்வதை நம்பி ஒப்புக்கொள்ளலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாடி_மெக்கானிக் (9.48)

முதலில் சங்கிலியைக் கழற்றச் சொல்லும்மா. இன்னும் ஒரு அடிகூட இழுக்கக் கூடாது.

அதற்கும் முன்னால் டிரைவரின் பாதுகாப்பு. நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். முக்கோணப் பலகையை வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி, பின்னால் வருகிறவருக்கு முன்கூட்டியே தெரிகிற தூரத்தில் வைக்கட்டும். வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. கேபினிலும் உட்கார வேண்டாம், இடது பக்கம் தடுப்புக்கு அந்தப் புறம் போய் நிற்கட்டும். பைபாஸில் ராத்திரி வருகிற கன்டெய்னருக்கு நிற்கிற லாரி கடைசி நேரத்தில்தான் தெரியும். கல்லும் மரக்கிளையும் வைத்திருந்தால் கிளம்பும்போது மறக்காமல் எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டு வந்த கல்லில் பைக்காரர்கள் விழுந்திருக்கிறார்கள்.

இப்போது மூன்று விஷயம் கேட்டுச் சொல். ஏர் மீட்டர் முள் எங்கே நிற்கிறது? க்ளட்ச் பெடல் வழக்கம்போல எதிர்த்து நிற்கிறதா, இல்லை லொடக்கென்று கீழே போகிறதா? வண்டிக்கு அடியில் ஆயில் ஏதாவது சொட்டியிருக்கிறதா?

ஒரகடம்_லாரி_மகள் (9.57)

கேட்டுவிட்டேன் அண்ணா. ஏர் முள் அடியில் கிடக்கிறதாம். பெடல் வழக்கம்போலத்தான் இருக்கிறது. கீழே எதுவும் சொட்டவில்லை.

பாடி_மெக்கானிக் (10.06)

சரி, அப்படியானால் பயப்பட வேண்டாம். இரண்டும் தனித்தனி விஷயம்.

பெடல் லொடக்கென்று போயிருந்தால் க்ளட்ச் சிலிண்டரிலோ பைப்பிலோ கோளாறு என்று பார்த்திருக்கலாம், அதை நின்ற இடத்திலேயே சரிசெய்ய முடியும். உங்களுக்குப் பெடல் சரியாக இருக்கிறது, கருகிய வாடை, இன்ஜின் இரைச்சல் மட்டும். க்ளட்ச் பிளேட் தேய்ந்து எரிந்துவிட்டது. கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும். ரோட்டோரத்தில் இறக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், பைபாஸில் அதற்குச் சம்மதிக்காதே.

பின் சக்கரம் ஜாம் ஆகவில்லை. ஏர் பிரேக் வண்டியில் பார்க்கிங் பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது காற்று. டேங்கில் காற்று இறங்கிப்போனால் ஸ்பிரிங் தானாகப் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்ஜினை அணைத்துப் போட்டதில் எங்கேயோ கசிவில் காற்று இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான். இதற்குப் பெரிய கிரேன் தேவையில்லை. அந்த நிலையில் இழுத்தால் டயர் ஒரே இடத்தில் தேய்ந்து வீணாகும், ட்ரம்மும் லைனிங்கும் சூடேறும்.

செய்ய வேண்டியது: முதலில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கட்டும். இதைச் செய்யாமல் அடுத்ததற்குப் போகவே கூடாது, பிரேக் விட்டதும் 9 டன்னோடு வண்டி உருளும். அப்புறம் நியூட்ரலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓடவிடட்டும். க்ளட்ச் போனாலும் கம்ப்ரஸர் ஓடும், காற்று ஏறும். முள் 6 பாருக்கு மேல் போனதும் பார்க்கிங் பிரேக்கை விடுவித்துப் பார்க்கட்டும். காற்று ஏறவே இல்லையென்றால் எங்கே புஸ்ஸென்று சத்தம் வருகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்கச் சொல்.

காற்று நிற்காவிட்டாலும் வழி உண்டு. ரெக்கவரி வண்டியிலிருந்து ஹோஸ் போட்டு ஏர் கொடுக்கலாம், அல்லது பிரேக் சேம்பரின் (அந்த ஸ்பிரிங் இருக்கிற டப்பா) பின்பக்கம் இருக்கும் போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கை இழுத்துப் பிடிக்கலாம். அதைத் தெரிந்த ஆள்தான் செய்ய வேண்டும். சேம்பரின் கிளாம்பை மட்டும் யாரும் கழற்றக் கூடாது. உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தெறித்தால் உயிர் போய்விடும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். எந்த கிரேன் வந்தாலும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டை (கியர்பாக்ஸையும் பின் சக்கர அச்சையும் இணைக்கிற நீளமான தண்டு) கழற்றாமல் இழுக்க விடாதே. முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கும்போது பின் சக்கரம் உருண்டு, ஷாஃப்ட் வழியாகக் கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட்டைச் சுற்றும். ஆனால் ஆயிலை வாரி மேலே அடிக்கிற கீழ் ஷாஃப்ட் இன்ஜின் பக்கத்திலிருந்துதான் சுற்ற வேண்டும், அது நின்று கிடக்கும். ஆயில் இல்லாமல் மாதவரம் வரை சுற்றினால் பேரிங்கும் கியரும் பிடித்துக்கொள்ளும். க்ளட்ச் செலவோடு முடிய வேண்டியது கியர்பாக்ஸ் செலவாகிவிடும். "அரை மணி நேரம் வீண்" என்று கிரேன்காரர்கள் தட்டிக்கழிப்பார்கள். விட்டுக்கொடுக்காதே.

இரவு_ரெக்கவரி (10.15)

மெக்கானிக் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் ரெக்கவரி வண்டி ஓட்டுகிறவன், இன்று ராத்திரி திருவள்ளூர் பக்கம் இருக்கிறேன், அதனால் வர முடியாது.

மேடம், நீங்கள் நிற்பது தேசிய நெடுஞ்சாலை. 1033-க்குப் போன் செய்யுங்கள். அருகில் இருக்கிற கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், எந்தத் திசையில் போகிற பக்கம், லோடு எவ்வளவு, மூன்றையும் சொல்லுங்கள். ரோந்து வண்டி வந்து பின்னால் கோன் வைத்தாலே பாதி ஆபத்து போய்விடும். ரோட்டை அடைத்து நிற்கிற வண்டியைப் பாதுகாப்பான இடத்துக்கு அப்புறப்படுத்துவதுதான் அவர்களுடைய முதல் வேலை. உங்கள் பட்டறை வரை கொண்டுபோக நீங்கள் தனியாக ஆள் பிடிக்க வேண்டும். யாருக்காவது அடிபட்டிருந்தால் 108.

கிரேன்காரரிடம் போனில் பேசும்போதே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். எங்கே கொண்டுபோய் விடுவார், மொத்தம் எவ்வளவு, அதில் டோல் சேர்த்தியா, ராத்திரிக்குத் தனியா, ஜாயிண்ட் கழற்ற எவ்வளவு, காத்திருந்தால் எவ்வளவு. வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். முக்கியமாக, லோடு இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாமல் வரவழைத்தால் வந்து பார்த்து விலையை ஏற்றத்தான் செய்வார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. லோடு லாரிக்கு அண்டர்லிஃப்ட், அதாவது முன்பக்கத்தை அடியிலிருந்து தாங்கித் தூக்குகிற கை உள்ள வண்டிதான் கேட்க வேண்டும். கயிறோ சங்கிலியோ வேண்டவே வேண்டாம். இழுக்கிற வண்டிக்கும் இழுபடுகிற வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது விதி. அந்த இடைவெளியில் 9 டன் லோடை சங்கிலியில் இழுத்துக்கொண்டு பிரேக் அடித்துப் பாருங்கள், புரியும்.

ஒரகடம்_லாரி_மகள் (10.50)

அண்ணா, காற்று ஏறிவிட்டது! கட்டை கொடுத்துவிட்டுத்தான் செய்தார். சக்கரம் விட்டுவிட்டது. 1033 ரோந்து வண்டியும் வந்து கோன் வைத்திருக்கிறார்கள். அந்த முதல் கிரேன்காரரிடம் ஜாயிண்ட் கழற்றச் சொன்னதும் அவரே கிளம்பிவிட்டார்.

வேறு ஒருவரிடம் பேசியிருக்கிறேன். அண்டர்லிஃப்ட், ஜாயிண்ட் கழற்றுவது, டோல் எல்லாம் சேர்த்து ஒரே தொகை, எழுதி அனுப்பிவிட்டார். இப்போது ஒரு குழப்பம். லோடோடு மாதவரம் குடோனுக்கு இழுப்பதா, பட்டறைக்குப் போய்விட்டு வேறு வண்டியில் லோடை மாற்றுவதா?

மாதவரம்_புக்கிங் (11.02)

குடோனுக்கே இழுத்துக்கொண்டு போங்கள். உள்ளே இறக்கிவிட்டு, காலி வண்டியைப் பட்டறைக்கு இழுப்பது சுலபம். ஆனால் குடோன்காரரிடம் இப்போதே பேசி, இழுத்துக்கொண்டு வருகிற வண்டியை கேட்டுக்குள் விடுவார்களா, திரும்ப இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சில இடங்களில் விடமாட்டார்கள்.

வேறு வண்டிக்கு மாற்றினால் இ-வே பில்லில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கிற பில்) வண்டி விவரம் இருக்கிற பகுதி பி-யில் புதிய வண்டி எண்ணை மாற்றிவிட்டுத்தான் சரக்கு நகர வேண்டும். பழைய எண்ணோடு போய் செக்கிங்கில் மாட்டினால் அபராதம், வண்டியும் நின்றுவிடும். பில் எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். 200 கிலோமீட்டர் வரை ஒரு நாள்தான். முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து, முடிந்து 8 மணி நேரம் வரை நீட்டிக்கலாம், காரணத்தைக் குறிப்பிட வேண்டும்.

வேளச்சேரி_கார் (11.10)

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஆட்டோமேட்டிக் கார். மழை நேரத்தில் சப்வேயில் மாட்டிக்கொண்டால் இதே மாதிரி முன்பக்கம் தூக்கி இழுக்கலாமா? வருடா வருடம் பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம், எல்லா நேரமும் முடிவதில்லை.

இரவு_ரெக்கவரி (11.21)

சார், ஆட்டோமேட்டிக்குக்கு ஃபிளாட்பெட்தான், நான்கு சக்கரமும் மேலே ஏறிவிட வேண்டும். இன்ஜின் ஓடாவிட்டால் கியர்பாக்ஸுக்கு ஆயில் அனுப்பும் பம்ப் ஓடாது, இழுக்கிற சக்கரம் தரையில் சுற்றினால் உள்ளே கெட்டுவிடும். முன் சக்கரத்தில் ஓடுகிற வண்டிக்கு முன்பக்கம் தூக்கலாம்தான், ஆனால் அவசரத்தில் வருகிறவர் எந்தப் பக்கம் மாட்டுவார் என்று சொல்ல முடியாது. எலெக்ட்ரிக் காருக்கும் ஃபிளாட்பெட் தவிர வேறு பேச்சே இல்லை. முன் பம்பரில் திருகுகிற டோ ஹூக் டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் டூல்ஸோடு இருக்கும், மழைக்கு முன்னால் ஒரு தடவை எடுத்துப் பார்த்து வையுங்கள்.

தண்ணீரில் நின்றுபோன வண்டியை மட்டும் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு நான் தூக்கிய கார்களில் பலவற்றில் அதுதான் நடந்திருந்தது. அந்தச் செலவுக்கு சாதாரண பாலிசி கைகொடுக்காது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

ஒரகடம்_லாரி_மகள் (அதிகாலை 2.15)

வண்டி குடோன் கேட்டுக்குள் போய்விட்டது. ஷாஃப்ட் கேபினில் இருக்கிறது. டிரைவர் அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறார். எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. உங்களைக் கேட்காமல் இருந்திருந்தால் அந்தச் சங்கிலிக்கே சம்மதித்திருப்பேன்.

இழுத்த செலவை இன்ஷூரன்ஸில் கேட்கலாமா?

மாதவரம்_புக்கிங் (காலை 7.30)

விபத்து என்றால்தான் கேட்கலாம், அதுவும் சாதாரண பாலிசியில் லாரிக்கு 2,500 ரூபாய்தான் உச்சம். தேய்மானத்தால் நின்ற வண்டிக்குக் கிடையாது. சாலையோர உதவி என்று கூடுதலாகப் பணம் கட்டியிருந்தால் மட்டும் உண்டு. அப்பாவிடம் பாலிசித் தாளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த உதவி சரக்கு வண்டிக்கு உண்டா, எத்தனை டன் வரை என்று தெரியும்.

பாடி_மெக்கானிக் (8.05)

ரொம்ப சந்தோஷம்மா. பட்டறையில் சொல்லிவிடு: பிளேட் மட்டும் மாற்றிவிட்டு அனுப்ப வேண்டாம், பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் சேர்த்து மாற்றட்டும். கியர்பாக்ஸ் இறக்கியதும் ஃப்ளைவீலைப் படம் எடுத்து இங்கே போடு. நீலம் பாய்ந்திருந்தாலோ கோடு விழுந்திருந்தாலோ லேத்தில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டியிருக்கும். தேய்த்துக்கொண்டு வந்த பின் டயர்களையும் பார்க்கச் சொல், ஒரே இடத்தில் தட்டையாகி நூல் தெரிந்தால் அதை ஓட்டக் கூடாது. ஜாயிண்ட் மாட்டும்போது பழைய போல்ட்டின் மரை தேய்ந்திருந்தால் புதிது போடட்டும். அந்த ஏர் கசிவையும் கையோடு பார்த்துவிடுங்கள், பைப் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை வருகிற இடத்தில் தெரிந்துவிடும்.