புதுப்பிப்பு: ஃபஸ்லுர் ரஹ்மான் கானின் குடும்பம் பற்றி

சிகாகோவின் 110 மாடி சியர்ஸ் டவரை ஒன்பது குழாய்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுபோல வடிவமைத்த பொறியாளர் கானைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். குடும்பத்தைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்று கேட்டீர்கள்.

1952-ல் டாக்காவிலிருந்து அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர் அவர். மனைவி லிசலோட்டே ஆஸ்திரியாக்காரர். மகள் யாஸ்மினும் கட்டமைப்புப் பொறியாளர்தான். அப்பாவின் வேலையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். ஒரு தகப்பனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

அப்புறம், தாகூர் பாடல்கள் என்றால் கானுக்கு உயிர். 1971 போரின்போது சிகாகோவில் இருந்தபடியே வங்கதேச மக்களுக்காக ஆட்களைத் திரட்டி நிதி சேர்த்தார். எனக்கு அவருடைய கோபுரங்களைவிட இது பெரிதாகப் படுகிறது.

1982-ல் ஜெத்தாவில் மாரடைப்பில் இறந்தபோது வயது 52தான். சிகாகோவில்தான் அடக்கம் செய்தார்கள்.