ஏர் ரைஃபிள் பேரல் சுத்தம்: எப்போது, எதைக் கொண்டு, எவ்வளவு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இந்த விஷயத்தில் எப்போதும் இரண்டு கட்சி உண்டு. ஏர் ரைஃபிளில் வெடிமருந்தே கிடையாது, கரி கிடையாது, பிறகு எதைத் துடைக்கப் போகிறீர்கள் என்று கேட்பது ஒரு கட்சி. சுட்டு முடித்த கையோடு துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சிப் பக்கம் சாய்ந்தவன். ஆனாலும் முழுசாக அந்தப் பக்கம் போக முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

என்னுடையது 4.5 மி.மீ. பிசிபி, அதாவது முன்கூட்டியே அழுத்தி அடைத்த காற்றில் சுடும் ரகம். 25 மீட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்த பெல்லட்டுகள் (சிறு குண்டுகள்) மெல்ல மெல்ல விலக ஆரம்பித்தன. ஐந்தில் நான்கு சேர்ந்தே விழும். ஒன்று மட்டும் காரணமே இல்லாமல் தள்ளிப் போகும். காற்றைக் குறை சொன்னேன், பெல்லட்டைக் குறை சொன்னேன். ஸ்கோப் மவுண்ட், ஸ்டாக் திருகு எல்லாம் இறுக்கிப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தன. அப்புறம்தான் பேரல் பக்கம் போனேன்.

ராட் (சுத்தம் செய்யும் நீளக் கம்பி) போடவில்லை. புல் வெட்டும் இயந்திரத்துக்குப் போடும் தடித்த நைலான் கம்பியில் ஒரு துண்டு எடுத்து, ஒரு நுனியைச் சூடு காட்டி நசுக்கிக் குமிழாக்கினேன். குமிழுக்குப் பக்கத்தில் பேட்ச் துணியைக் குத்திக் கோத்துக்கொண்டேன். கம்பியைப் பெல்லட் போடும் பக்கத்திலிருந்து நுழைத்து, வாய்ப்பக்கமாக இழுத்தேன். பிசிபியில் கவனிக்க வேண்டியது, காற்று வரும் துளை பேரலின் அடிப்பக்கத்தில் இருக்கும். துணி தடிமனாக இருந்தால் அந்தத் துளையின் விளிம்பில், ஆணியில் சட்டை மாட்டினாற்போல் மாட்டிக்கொள்ளும். அங்கே வெடுக்கென்று இழுத்தால் நூல் பிசிறு உள்ளேயே தங்கிவிடும். துணியைச் சிறியதாக வெட்டி, நிதானமாக இழுத்தால் போதும். பேரல் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். ஈரப் பேட்ச் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், இல்லாவிட்டால் அழுக்கெல்லாம் வால்வு பக்கம் இறங்கும்.

முதல் துணி கன்னங்கரேலென்று வந்தது. வெளிச்சத்தில் காட்டினால் மினுமினுவென்று ஈயத் துகள். ரைஃப்லிங்கின், அதாவது பேரலுக்குள் சுழலாக ஓடும் வரிகளின், பள்ளமும் மேடும் துணியில் கோடு கோடாகப் பதிந்திருந்தது. துணி வெளுப்பாக வரும் வரை இழுத்துவிட்டுச் சுட்டால், முதல் சில ஷாட் கண்டபடி போனது! இது எல்லாருக்கும் நடப்பதுதான். வழித்த பேரலில் மறுபடி மெல்லிய ஈயப் பூச்சு ஏறும் வரை அது ஒரு நிலைக்கு வராது. கொஞ்சம் சுட்டதும் குரூப் (குண்டுகள் சேர்ந்து விழும் கூட்டம்) பழையபடி கூடியது. பேரலைப் பளபளவென்று வைத்திருப்பது நம் வேலை இல்லை, ஒரே மாதிரி வைத்திருப்பதுதான் வேலை என்பது என் கட்சி. உங்கள் அனுபவம் என்ன?

* * *

பிசிபிக்காரர் சொன்னது சரி. ஆனால் ஸ்பிரிங் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்குப் பேரல் அழுக்கைவிடப் பெரிய எதிரி எண்ணெய்.

ஸ்பிரிங் தள்ளி பிஸ்டன் முன்னால் பாயும்போது அறைக்குள் இருக்கும் காற்று ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் நசுங்குகிறது. அப்படி நசுங்கும் காற்று பயங்கரமாகச் சூடாகும். அங்கே பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் டீசல் எஞ்சினில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கும். டமாரென்று சத்தம், பேரல் வாயில் புகை, பெல்லட்டின் வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் சீல் கருகும், ஸ்பிரிங்கும் போகும். தோட்டாத் துப்பாக்கிக்கு விற்கும் சால்வென்ட்டை இதில் ஊற்றக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அது கரியைக் கரைக்கச் செய்தது. நம்மிடம் கரியே இல்லை, சீலைத்தான் அது தின்னும்.

நான் காய்ந்த துணி மட்டும் போடுகிறேன். பேரலை மடக்கும் மாடலாக இருந்தால், காக் ஆகாத (ஸ்பிரிங் இழுபட்டுப் பூட்டிக்கொள்ளாத) அளவுக்கு லேசாகத் திறந்து, அந்த இடைவெளியில் நைலானை நுழைத்துவிடலாம். முழுசாகக் காக் செய்து வைத்துக்கொண்டு அங்கே விரலை விடாதீர்கள். ட்ரிக்கர் நழுவினால் பேரல் தானாக மூடிக்கொள்ளும், விரல் மிஞ்சாது.

ஃபெல்ட் பெல்லட் (கம்பளம் போன்ற துணியில் செய்த, பேரல் துடைக்கும் குண்டு) போட்டுச் சுட்டுச் சுத்தம் செய்யலாமா என்று கேட்பார்கள். ஒற்றை ஃபெல்ட் எடையே இல்லாத சமாச்சாரம். முன்னால் தடை இல்லாமல் பிஸ்டன் போய் அறைச் சுவரில் மோதும், வெறும் துப்பாக்கியைச் சுடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபெல்ட்டைத் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, ஸ்பிரிங்கில் குரூப் விரிந்தால் முதல் சந்தேகம் ஸ்டாக் திருகு மேல்தான் வர வேண்டும். அந்த உதறலுக்கு எந்தத் திருகும் தளரும். என் நண்பர்கள் "பேரல் போச்சு" என்று கொண்டுவந்த ரைஃபிள்களில் பாதிக்கு மேல் ஸ்க்ரூடிரைவரிலேயே குணமாகிவிட்டன.

* * *

யாரும் சொல்லாத கோணம் ஒன்று: சுத்தம் செய்தே கெட்டுப்போன பேரல்.

பழைய ரைஃபிள் ஒன்று என் கைக்கு வந்தது. முன்பு வைத்திருந்தவர் மிகவும் அக்கறைக்காரர், மேலே ஒரு கீறல் இல்லை. பேரலுக்குள் எட்டிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி. சுட்டால் மட்டும் எந்தப் பெல்லட்டுக்கும் குரூப் வரவில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்து பேரல் வாயின் உள்விளிம்பில் சுற்றிவிட்டேன். ஒரு இடத்தில் மட்டும் பஞ்சு நூல் நூலாகப் பிடித்துக்கொண்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கிரவுனில் (பேரல் வாயின் விளிம்பில்) ஒரு பக்கம் தேய்ந்து, பிசிறு தூக்கி நிற்கிறது. துண்டு துண்டாக மாட்டும் எஃகு ராடை வாய்ப்பக்கத்திலிருந்தே விட்டு விட்டு எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ராட் ஒரே இடத்தில் உரசியிருக்கிறது.

பெல்லட் பேரலை விட்டு வெளியேறும்போது கடைசியாகத் தொடுவது அந்த விளிம்பைத்தான். பின்னால் தள்ளும் காற்று ஒரு பக்கம் முந்திக் கசிந்தால், பெல்லட் பாவாடையில் (அதன் விரிந்த பின்பக்கத்தில்) ஒரு தட்டுத் தட்டிவிடும், ஆட்டம் முடிந்தது. லேத்தில் கொடுத்து நுனியைச் சீராக வெட்டி, கிரவுன் புதிதாக எடுத்த பிறகு அதே பேரல் அதே பெல்லட்டை ஒழுங்காகப் போடுகிறது. ராட்தான் வேண்டும் என்றால் பிளாஸ்டிக் உறை போட்ட ஒற்றை ராட், கூடவே அது உரசாமல் நேராகப் போக ராட் கைடு. வாய்ப்பக்கமாக மட்டுமே விட முடிகிற மாடல் என்றால் நைலானே மேல்.

* * *

நான் 10 மீட்டர் மேட்ச் சுடுகிறேன். அங்கே 10 மதிப்பெண் என்பது நடுவில் இருக்கும் அரை மில்லிமீட்டர் புள்ளி, ஆனாலும் பேரல் பற்றி யாரும் பதறுவதில்லை. வேகம் விநாடிக்கு 170 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அந்த வேகத்தில் ஈயம் சீக்கிரம் ஒட்டாது. ஃபெல்ட்டைத் தள்ளி எடுப்பதோடு சரி. போட்டிக்கு முந்தின நாள் மட்டும் பேரலைத் தொட மாட்டேன்.

* * *

புதுப் பேரலைப் பதப்படுத்துவது பற்றி: புதிதாக வரும் ரைஃபிளில் தொழிற்சாலைக் கிரீஸ், கடைசல் தூள் எல்லாம் இருக்கும். முதல் ஷாட்டுக்கு முன் ஒருமுறை துடைப்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பேஸ்ட் போட்டுத் தேய்ப்பதில்தான் சண்டை.

நான் முதலில் ஒரு பெல்லட்டை ராட் வைத்து மெதுவாகத் தள்ளிப் பார்ப்பேன். நல்ல பேரலில் தொடக்கத்தில் ரைஃப்லிங் கடிக்கும் இடத்தில் ஒரு பிடிப்பு, அப்புறம் நெடுக ஒரே சீரான தடை. சோக் வைத்த (நுனியைச் சற்றுக் குறுக்கிய) பேரலாக இருந்தால் வாய்க்கு அருகில் மறுபடி இறுகும், அது வேண்டுமென்றே வைத்தது, பயப்பட வேண்டாம். நடுவில் இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகினால் உள்ளே சொரசொரப்பு இருக்கிறது என்று அர்த்தம். வெளியே வந்த பெல்லட்டையும் பாருங்கள், வரிகள் சுற்றிலும் ஒரே ஆழத்தில் விழுந்திருக்க வேண்டும்.

அப்படிச் சொரசொரப்பு தெரிந்தால் மட்டும் ஜேபி பேஸ்ட்டை (உரசித் தேய்க்கும் பசையை) பித்தளை பிரஷ்ஷில் தடவி விடுவேன். பேரலைத் தனியாகக் கழற்ற முடிந்தால்தான். ஓ-ரிங்கிலும் (காற்றுக் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்திலும்) காற்றுத் துளையிலும் பேஸ்ட் புகுந்தால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிரஷ் மறுபக்கம் முழுசாக வெளியே வந்த பிறகே திருப்ப வேண்டும், பாதியில் திருப்பினால் சிக்கிக்கொள்ளும். முதலில் திணறித் திணறிப் போகும் பிரஷ் கொஞ்ச நேரத்தில் வழுக்கிக்கொண்டு போகும், கைக்கே தெரியும். அங்கே நிறுத்திவிட்டு, பேஸ்ட் ஒரு துளி மிஞ்சாமல் துடைத்தெடுக்க வேண்டும். இதெல்லாம் எஃகுப் பேரலுக்கு. பித்தளைப் பேரல் என்றால் பிரஷ்ஷும் வேண்டாம், பேஸ்ட்டும் வேண்டாம்.

* * *

முதல் பதிவு எழுதியவன் மறுபடி. எத்தனை ஷாட்டுக்கு ஒருமுறை என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். என்னிடம் எண் இல்லை. வேகம் கூடினால் ஈயம் அதிகம் படியும், பெல்லட்டின் கெட்டித்தன்மை, அதில் தடவியிருக்கும் பூச்சு எல்லாம் கணக்கை மாற்றும். குரூப் விரிந்தால், திருகும் மவுண்ட்டும் சரியாக இருந்தால், பெல்லட் டப்பா மாறவில்லை என்றால், அப்போது இழுங்கள். ஈயப் பெல்லட்டிலிருந்து ஈயமில்லாத பெல்லட்டுக்கு மாறும்போதும் ஒருமுறை இழுத்துவிடுவது நல்லது, பழைய பூச்சின் மேல் புதுசு ஒத்துப்போகாது. கிரவுன் பற்றி எழுதியவருக்கு நன்றி, நானும் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. பேட்ச் துணிகளை வீட்டுத் துணியோடு போடாமல் தனியாகக் கட்டிப் போடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அது ஈயம்.