கையில் உருட்டினால் சினை பிடிக்காதாமே!

களத்துக்காரன்: நேற்று இங்கே ஓர் இறுதியாண்டு கால்நடை மருத்துவ மாணவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "உறைவிந்துக் குச்சியை (காளை விந்தை உறையவைத்து அடைத்த மெல்லிய குழாய்) 37 டிகிரி தண்ணீரில் 30 விநாடி வைக்காமல், உள்ளங்கையில் உருட்டி உருக்குகிறவர்களால்தான் ஊர் மாடுகள் சினை பிடிப்பதில்லை." அடேயப்பா! 22 வருடமாகச் சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல், போடுகிறேன். என் கையில் உருண்ட குச்சிக்குப் பிறந்த கிடேரிகள் மூன்றாவது ஈத்தில் கறந்துகொண்டிருக்கின்றன. தெர்மாமீட்டரை எங்கே வைத்துப் பார்க்கச் சொல்கிறார்? மாட்டின் வாயிலா?

வேப்பேரிவாசி: அதை எழுதியவன் நான்தான். எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றமாட்டேன். குச்சி மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனிலிருந்து வருகிறது. மெதுவாக உருகினால் பனித்துகள்கள் மறுபடி திரண்டு விந்தணுவின் சவ்வைக் கிழித்துவிடும். வேகமாக உருக்கத்தான் வெந்நீர். உள்ளங்கைத் தோல் 37 டிகிரியைத் தொடாது.

களத்துக்காரன்: தம்பி, மே மாதம், மத்தியானம் ஒரு மணி, நான்காவது வீடு. வீட்டம்மா மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்து வருகிறார். அது 40-க்கு மேல் கொதிக்கிறது. அதில் போடவா, கையில் உருட்டவா?

வேப்பேரிவாசி: 40-க்கு மேல் என்று எப்படித் தெரிந்தது? தெர்மாமீட்டர்தான் கிடையாதே.

களத்துக்காரன்: விரலை விட்டால் தெரியும். மாட்டுக்குள் கை விட்டவனுக்கு சொம்புக்குள் விரல் விடத் தெரியாதா?

மூணுமாட்டுக்காரி: என் மாட்டுக்கு நான்கு ஊசி ஆகிவிட்டது, இன்னும் சினை நிற்கவில்லை. கடைசியாக வந்தவர் குச்சியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டே கையுறை மாட்டினார். அப்புறம் உள்ளங்கையில் நாலு உருட்டு உருட்டினார், முடிந்தது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வேப்பேரிவாசி: பார்த்தீர்களா!

களத்துக்காரன்: பல்லில் கடித்தவனை என் கணக்கில் எழுதாதீர்கள். அக்கா, மாடு எப்போது பருவத்துக்குக் கத்தியது, எப்போது ஊசி போட்டார்? காலையில் கத்தினால் சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. அப்போது வடிந்த வழும்பு கண்ணாடி மாதிரி இருந்ததா, கலங்கி இருந்ததா? இதையெல்லாம் கேட்காமல் சொம்புத் தண்ணீரைக் குற்றம் சொல்கிறார்கள்.

தரவுப்புலி: ஒரு சின்னக் கேள்வி. "சினை பிடித்தது" என்று இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்? 21 நாளில் மாடு திரும்பக் கத்தாததையா? இரண்டு மூன்று மாதத்தில் கை விட்டுப் பார்த்து உறுதி செய்ததையா? கன்று போட்டதையா? மூன்றுக்கும் மூன்று கணக்கு வரும். முதல் கணக்கில் எல்லோரும் கெட்டிக்காரர்களாகத்தான் தெரிவார்கள்.

களத்துக்காரன்: கன்று கண்ணெதிரே நிற்கிறது, இதற்குக் கணக்கு வேறா? தெர்மாமீட்டருக்கு வாருங்கள்.

நாமக்கல்_அண்ணன்: வேப்பேரித் தம்பி, இதுவரை எத்தனை மாட்டுக்குக் கை விட்டிருக்கிறாய்? மனதில் கை வைத்துச் சொல்.

வேப்பேரிவாசி: வெட்டுக்கூடத்திலிருந்து வரும் கருப்பையைத் தட்டில் வைத்துத்தான் ஆரம்பிப்போம். கருப்பை வாயின் வளையங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவி, குழாயை உள்ளே நகர்த்தப் பழக வேண்டும். பிறகுதான் உயிருள்ள பசு. ஒரு பசுவுக்கு எட்டுப் பேர். ஐந்தாவது ஆள் வருவதற்குள் அது வாலை இறுக்கிக்கொண்டு இடுப்பை நெளிக்கும். இடது கை தோள்வரை மரத்துப்போகும். எண்ணிக்கை சொல்லமாட்டேன், சொன்னால் சிரிப்பீர்கள்.

களத்துக்காரன்: சொல்லாமலே சிரித்துவிட்டேன்.

வேப்பேரிவாசி: அது பசுக்கள் போதாததால் வந்த குறை, 37 டிகிரியின் குறை இல்லை. எங்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து நடக்கிறது. உருட்டிப் பார்க்காமலா சொல்கிறார்கள்?

நாமக்கல்_அண்ணன்: வந்துவிட்டது 1903. எங்கள் நாமக்கல் கல்லூரி 1985-தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுற்றிலும் மாடும் எருமையும் ஆடும் வைத்திருக்கிற ஊர். வேப்பேரியில் வாசலைத் தாண்டினால் பேருந்து.

வேப்பேரிவாசி: நாமக்கல் என்றால் கோழிதானே அண்ணே.

நாமக்கல்_அண்ணன்: கோழியைச் சிரிக்காதே. கிளிசரால் சேர்த்தால் உறைந்த விந்து பிழைக்கும் என்று 1949-ல் போல்ஜ் என்ற விஞ்ஞானியின் குழு இங்கிலாந்தில் காட்டியதே, அது சேவல் விந்து. காளைக்கு அப்புறம்தான் வந்தது. உன் 37 டிகிரியே சேவல் போட்ட பிச்சை.

வேப்பேரிவாசி: கிளிசரால் வேறு, உருக்குகிற சூடு வேறு. போன மாதம் மடிநோய் விவாதத்திலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள்.

நாமக்கல்_அண்ணன்: அன்றைக்கு ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

தரவுப்புலி: கேள்வி அப்படியே இருக்கிறது.

புதுப்பண்ணை: இடையில் ஒன்று. பாலினம் பிரித்த குச்சி போட்டால் நூற்றுக்கு நூறு கிடேரிதானா?

வேப்பேரிவாசி: சுமார் 90 சதவீதம். அதில் விந்தணு எண்ணிக்கையும் குறைவு. அதைப் போய்க் கையில் உருட்டினால் பணம் போச்சு.

களத்துக்காரன்: மறுபடியும் கை! அமெரிக்காவிலேயே சில விந்து நிறுவனங்கள் சட்டைப்பையில் வைத்து உருக்கலாம் என்று சொல்லித்தான் விற்றன. வெள்ளைக்காரன் சட்டைப்பையில் வைத்தால் விஞ்ஞானம், நான் கையில் வைத்தால் காட்டுமிராண்டித்தனமா?

வேப்பேரிவாசி: அவர்கள் அதற்கென்றே தயாரித்த விந்தைத்தான் அப்படிச் சொன்னார்கள். உங்கள் நைட்ரஜன் கேனில் இருப்பது அதுவா? சரி, குச்சியை எடுக்கும்போது கூடையைக் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கிவைத்து எத்தனை விநாடி தேடுவீர்கள்? காளை எண்ணைப் படித்து முடிக்கும்வரையா?

களத்துக்காரன்: அதையும் தொட்டுவிட்டாயா! கழுத்துக்குக் கீழேதான் வைப்பேன். குச்சியில் ஈரம் இருந்தால் துடைத்துவிட்டுத்தான் வெட்டுவேன், தண்ணீர் பட்டால் விந்தணு செத்துவிடும் என்று எனக்கும் தெரியும். உங்கள் கல்லூரியில் ஓவ்சிங்க் என்று, மாடு கத்தக் காத்திராமல் நாள் குறித்துச் சினைப்படுத்தும் ஹார்மோன் முறை சொல்லித் தருவார்கள், இன்றைக்கு ஒரு ஊசி, ஏழாம் நாள் ஒன்று, ஒன்பதாம் நாள் ஒன்று என்று. ஒரு மாடு வைத்திருப்பவர் அந்த மூன்று ஊசிக்கும் பணம் எங்கே போய்க் கேட்பார்? மேட்டுப்பட்டியில் மாலை ஆறு மணிக்கு மழையில் வண்டியை நிறுத்தி, ஒரு கையால் வாலைப் பிடித்து, வாயில் டார்ச்சைக் கவ்வி...

மூணுமாட்டுக்காரி: டார்ச்சையும் வாயிலா? அப்போது குச்சி?

களத்துக்காரன்: அக்கா, விளையாடாதீர்கள்.

மூணுமாட்டுக்காரி: விளையாடவில்லை. மாடு இன்று சாயங்காலம் கத்த ஆரம்பித்தது, அதனால் கேட்டேன்.

நாமக்கல்_அண்ணன்: மடிநோய் விவாதத்தைத் தேடி எடுத்துவிட்டேன். வேப்பேரித் தம்பி அங்கே என்ன எழுதினார் என்று எல்லோரும் படியுங்கள்.

வேப்பேரிவாசி: முழுசாகப் போடுங்கள், நடுவில் வெட்டி ஒட்டாமல்.

களத்துக்காரன்: அது கிடக்கட்டும். 22 வருடத்தில் எனக்கு ஒரு தெர்மாமீட்டராவது யாராவது கொடுத்தார்களா, அதைச் சொல்லுங்கள்.

வேப்பேரிவாசி: மருந்துக் கடையில் கிடைக்கும்.

களத்துக்காரன்: அது காய்ச்சலுக்கு வைப்பதப்பா!