பழைய கார் ஆம்ப்: பச்சை விளக்கு எரிந்து உடனே ப்ரொடெக்ட் சிவப்புக்குப் போகிறது

கேள்வி:
நான்கு சானல் கிளாஸ் ஏபி ஆம்ப், 15 வருடத்துக்கு மேல் பழையது. ரிமோட் (ஆம்பை ஆன் செய்யும் வயர்) கொடுத்ததும் பச்சை, இரண்டு நொடியில் சிவப்பு, அதாவது கோளாறைக் கண்டு ஆம்ப் தானே நின்றுவிடும் ப்ரொடெக்ட் நிலை. ப்யூஸ் போகவில்லை. ஸ்பீக்கர் வயர், ஆர்சிஏ (ஒலி உள்ளே வரும் வயர்) எல்லாம் கழற்றியும் அதே கதை. மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் இருக்கிறது, ஆசிலோஸ்கோப் இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதில் 1:
ஸ்பீக்கர் இல்லாமலே ப்ரொடெக்ட் என்றால் கோளாறு உள்ளேதான். ஆனாலும் திறக்கும் முன், ஆன் செய்யும் அந்த நொடியில் ஆம்பின் டெர்மினலிலேயே வோல்டேஜ் பாருங்கள். 11க்குக் கீழே விழுந்தால் கிரவுண்டு வயரைச் சந்தேகியுங்கள்.

பவர் சப்ளை மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) ஷார்ட் ஆகியிருந்தால் ப்யூஸ் பறந்திருக்கும். அதனால் முதலில் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள். சப்ளையைக் கழற்றி, கெப்பாசிட்டர்களில் சார்ஜ் இறங்கியதும் ஒவ்வொன்றிலும் கலெக்டர், எமிட்டர் கால்களுக்கு இடையே ஓம் அளந்து பாருங்கள். பேரலலாக இருப்பதில் ஒன்று போனாலும் இரண்டுமே ஷார்ட் மாதிரி காட்டும். எமிட்டர் காலைத் தூக்கி அளந்தால்தான் எது என்று தெரியும்.

கேட்டவர்:
மூன்றாவது சானலில் என்பிஎன் டிரான்சிஸ்டர் 0.4 ஓம் காட்டுகிறது. மற்ற சானல்களில் ஷார்ட் இல்லை. கெப்பாசிட்டர்களின் அடியில் பழுப்பாக ஏதோ இருக்கிறது, கசிவா சார்?

பதில் 2:
மீட்டர் வயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும், ஆகவே அது முழு ஷார்ட். ஜோடியாக வேலை செய்யும் என்பிஎன், பிஎன்பி இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தப்பித்ததும் அடி வாங்கியிருக்கும். அதன் டிரைவர் டிரான்சிஸ்டர், பேஸ் ரெசிஸ்டர், எமிட்டர் ரெசிஸ்டர் மூன்றையும் விடாதீர்கள். எமிட்டர் ரெசிஸ்டர் வெளியே கருகாமலே உள்ளே அறுந்து ஓப்பன் ஆகியிருக்கலாம். சர்க்யூட் படம் இல்லாவிட்டாலும் நான்காவது சானல் இருக்கிறதே, புள்ளிக்குப் புள்ளி அதோடு ஒப்பிடுங்கள்.

பழுப்பு, கெப்பாசிட்டரைப் பிடித்து வைக்கும் பசையாக இருக்கலாம். வயதானால் கருத்து, கரண்டைக் கடத்தும். பக்கத்துக் கால்களையும் அரிக்கும். சுரண்டி எடுத்து ஆல்கஹாலால் துடையுங்கள். ஈரமாகவோ மீன் வாடையாகவோ இருந்தால் எலக்ட்ரோலைட் கசிவு: கெப்பாசிட்டரை அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்டேஜ், 105 டிகிரி வகையில் மாற்றுங்கள்.

பதில் 1:
டிரான்சிஸ்டர்களுக்கு மைக்கா (கரண்டைத் தடுக்கும் மெல்லிய தகடு) வைத்து ஹீட்சிங்க்கில் இறுக்கிய பிறகே ஆன் செய்யுங்கள். கலெக்டருக்கும் ஹீட்சிங்க்குக்கும் கண்டினியூட்டி வரக்கூடாது. பாசிட்டிவ் வயரில் 55 வாட் ஹெட்லைட் பல்பை சீரிஸில் போடுங்கள்; இன்னும் ஷார்ட் இருந்தால் கரண்டை அது கட்டுப்படுத்தும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு வேண்டாம். ஆம்ப் சும்மா இருக்கும்போது இழுக்கும் கரண்டுக்கே வோல்டேஜ் இறங்கிவிடும். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

கேட்டவர்:
ஜோடியை மாற்றினேன். ஒரு எமிட்டர் ரெசிஸ்டர் ஓப்பன், அதையும் மாற்றினேன். பல்பு மங்கியது, பச்சை நிற்கிறது. ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி 18 மில்லிவோல்ட். ஆனால் எமிட்டர் ரெசிஸ்டரில் மூன்றாவது சானல் 9 மில்லிவோல்ட், மற்றவை 4. சூடாகச் சூடாக ஏறுகிறது.

பதில் 2:
18 பரவாயில்லை, 50க்குள் இருந்தால் போதும். ஏறுவதுதான் ஆபத்து. வெப்பத்தை உணர்ந்து பயாஸைக் (சும்மா இருக்கும்போது டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்டை நிர்ணயிக்கும் வோல்டேஜ்) குறைக்கும் சிறிய டிரான்சிஸ்டர் ஹீட்சிங்க்கில் ஒட்டாமல் நிற்கிறதா பாருங்கள். கிளாம்ப்பைக் கழற்றி மாட்டும்போது இது விலகும். பேஸ்ட் தடவி அழுத்திப் பொருத்துங்கள். அதற்குப் பிறகும் 4க்கு வராவிட்டால் மட்டும், சூடான நிலையில் பயாஸ் ப்ரீசெட்டை (திருகி மாற்றும் சிறிய ரெசிஸ்டர்) மெதுவாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். அளவு அரை மணி நேரம் ஏறாமல் நின்றால் பல்பை எடுத்துவிட்டு ஸ்பீக்கர் மாட்டலாம்.